ஒன்பதாம் நரம்பு

சுப்புலட்சுமி டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினாள். பால் வெதுவெதுப்புதான், ஆனாலும் ஆவி கையில் பிசுபிசுத்தது.

"கைய எடு சுப்பு" என்றாள் பொன்னம்மாள். அவள் கையில் ஸ்பூன் தயாராக இருந்தது.

"பார்வதி வந்துரட்டும் மதினி. ஒரு அரை மணி நேரம்."

"அவ வந்தா விட்டுருவாளாக்கும்? அவ வெளிய போவட்டும்னுதான காலைல இருந்து அடுப்புகிட்டயே நிக்கேன்."

திருட்டுத்தனத்தை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? வேறு நாளாக இருந்தால் சுப்புலட்சுமிக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கும். ஆனால் அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

கட்டிலில் சுப்புலட்சுமியின் கணவர் மாடசாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூச்சு ஒரு இழுப்பு, பிறகு கொஞ்சம் யோசனை, பிறகு இன்னொரு இழுப்பு என்று போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்பட்டு, ஷூ நாடா கட்டக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள். கை கால் ஓரளவு தப்பித்துக்கொண்டது, ஆனால் பேச்சு போயிற்று, விழுங்குவது போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் இறக்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது, நினைவு மங்க ஆரம்பித்தது. முந்தாநாள் டாக்டர் வந்தார். குழாயில் விடுவதெல்லாம் மேலே ஏறி வருகிறது என்று அதையும் எடுத்துவிட்டார். வாசல் வரை வந்த சுப்புலட்சுமியிடம், "சொந்தக்காரங்க யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்கம்மா" என்றார். 

தந்தி கிடைத்த அன்றே பொன்னம்மாள் கோவில்பட்டியில் ரயிலேறிவிட்டாள். விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் பிடித்து, நெய்வேலிக்குள் வந்து, எல்லா வீடும் ஒரே அச்சாக இருக்கிற டவுன்ஷிப்பில் பிளாக் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு விசாரித்து விசாரித்து நேற்றுக் காலை வந்து சேர்ந்தாள். ஊருக்குப் புதியவர்கள் எல்லாரும் செய்வதைப் போல அவளும் முதலில் பக்கத்துத் தெருவில் வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து, "எந்தம்பி எங்கய்யா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்தான் கூட்டிவந்து விட்டார்.

மாடசாமி அவளுக்குத் தம்பி என்பது உறவுமுறைக்குத்தான். இவர்களுடைய தாய் இறந்தபோது மாடசாமிக்கு நாற்பது நாள், பொன்னம்மாளுக்குப் பதினொரு வயது. ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஆற்றிப் புகட்டி அவள்தான் ஆளாக்கினாள். அந்தக் கணக்கில் மாடசாமிக்குக் கடைசிப் பாலும் தன் கையால்தான் என்று அவள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. வந்ததும் முகம்கூடக் கழுவாமல், "பால் இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

நேற்று அப்போதே மகள் பார்வதி குறுக்கே வந்தாள். புதுச்சேரியில் டாக்டர் படிப்பு முதல் வருஷம். அப்பாவுக்கு இப்படி ஆனதும் லீவு சொல்லிவிட்டு வந்தவள், மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு நகரவில்லை.

"அத்தை, முழுங்குற நரம்பு வேலை செய்யல. ஒரு ஸ்பூன் ஊத்துனாலும் வயித்துக்குப் போகாது. நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். மூச்சு முட்டித் துடிச்சிடுவாரு."

"சாவப்போறவனுக்குப் பால் ஊத்துறது ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமா?"

"அப்பா சாகப்போறாருன்னு யாரு சொன்னது?"

 டாக்டர் வாசலில் சொன்னது பார்வதிக்கும் கேட்டிருந்தது என்று சுப்புலட்சுமிக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்வதி தானே இறங்கிவந்து, பஞ்சைப் பாலில் நனைத்து, "இத வேணா உதட்டுல தடவுங்க அத்தை" என்று நீட்டினாள்.

"தடவுறதுக்கு இது என்ன தைலமா?" என்று பொன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதிலிருந்து அவளும் பச்சைத் தண்ணீர் தொடவில்லை.

இதில் யார் பேச்சைக் கேட்பது? இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை, அதுதான் சங்கடம். பால் ஊற்றி அவர் மூச்சுமுட்டிப் போனால் பார்வதி ஆயுசுக்கும் அத்தையை மன்னிக்கமாட்டாள். அம்மாவையும் மன்னிக்கமாட்டாள். ஊற்றாமல் போனால், வளர்த்த பிள்ளையை வறண்ட தொண்டையோடு அனுப்பினோம் என்று பொன்னம்மாள் கோவில்பட்டியில் உட்கார்ந்து தான் சாகும்வரை அழுவாள். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவேண்டியது பெண்டாட்டிதான். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதற்கு மேல் ஒரு முடிவை அவள் தனியாக எடுத்ததில்லை. பார்வதி இப்போது அவள் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சளி உறிஞ்சும் மிஷினை வீட்டுக்குத் தருவார்களா என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"முழுங்குற நரம்பு, முழுங்குற நரம்புங்காளே, அதுக்கு நம்பரு ஒம்போதுதானே?" என்றாள் பொன்னம்மாள் திடீரென்று.

"ஆமா மதினி."

"நேத்து ஒன் மக காட்டுனா. இந்தப் பக்கம் தொங்குறதெல்லாம் ஓடுறது, அந்தப் பக்கம் தொங்குறதெல்லாம் நின்னு போனதுன்னு. அப்ப இந்தா, ஒம்போது ஓடுற பக்கம்லா தொங்குது!"

சுப்புலட்சுமி சுவரைப் பார்த்தாள். அவள் கை தானாகவே டம்ளரை விட்டு இறங்கியது.

சுவரில் இரண்டு ஆணிகள், ஆணிக்கு ஒரு நூல். இரண்டு நூல்களிலுமாக வெள்ளைப் பிளாஸ்டிக் வளையங்கள் கோத்திருந்தன. மொத்தம் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண். மாடசாமி சுரங்கத்தில் கேபிள் ஜாயிண்டர், அறுந்த கேபிள்களை இணைக்கிறவர். கறுப்புக் கேபிளைப் பிரித்தால் உள்ளே பன்னிரண்டு கம்பி இருக்கும், கோர் என்பார்கள். எது எது என்று குழம்பாமல் இருக்க, கம்பிக்கு ஒரு எண் வளையம் மாட்டுவார்கள். ஃபெரூல் என்று அதற்குப் பெயர். போன தீபாவளி லீவில் பார்வதி, மண்டையிலிருந்து நேராகக் கிளம்புகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது, மாடசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பன்னெண்டு கோரா? அட, நம்ம கேபிளு!" என்று மறுநாளே கழித்துப்போட்ட துண்டுக் கேபிள் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, முனையைச் சீவி, வளையங்களையும் மாட்டிவிட்டார்.

அப்புறம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஒரு கம்பியைப் பிடித்து இழுப்பார். "எங்கேருந்து வருது? எங்க போகுது? எதை ஓட்டுது? மூணும் சொன்னாத்தான் கோரு கிளியர்" என்பார். பார்வதி வாய்க்குள் நுழையாத பெயராகச் சொல்வாள். பத்தாவது நரம்புக்கு வேகஸ் என்று பெயர், லத்தீன் பாஷையில் ஊர்சுற்றி என்று அர்த்தமாம். தொண்டை, நெஞ்சு, வயிறு என்று உடம்பு முழுக்கச் சுற்றுமாம். "எங்க அத்தான் மாதிரி" என்று மாடசாமி பொன்னம்மாளின் புருஷனைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பார்வதிக்கு எரிச்சலாக வந்தது. "அப்பா, பரீட்சையில இதெல்லாம் எழுத முடியாது" என்றாள்.

பின்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த சுப்புலட்சுமியை யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் பத்து நாள் காதில் விழுந்தால் ஆட்டுக்கல்லுக்குக்கூட மனப்பாடமாகிவிடும். ஒன்று மோப்பம், இரண்டு பார்வை. மூன்றும் நாலும் ஆறும் கண்ணை உருட்ட. ஐந்து, முகத்தில் தொட்டால் தெரிய. ஏழு சிரிக்க. எட்டு காது. ஒன்பது விழுங்க. பத்து ஊர்சுற்றி. பதினொன்று தோள் தூக்க. பன்னிரண்டு நாக்கு. லத்தீன் பெயர்தான் அவளுக்கு வரவில்லை, மற்றபடி பாஸ்.

மாடசாமியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பார்வதி அந்த வளையங்களைக் கம்பியிலிருந்து உருவி நூலில் மாட்டினாள். தினமும் காலையில் அப்பாவின் கண்ணுக்குள் டார்ச் அடிப்பாள், முகத்தைத் தொட்டுப் பார்ப்பாள், தொண்டையில் குச்சியால் லேசாகத் தீண்டுவாள். வேலை செய்வதை இடது ஆணியில் மாட்டுவாள், நின்றுபோனதை வலது ஆணியில். ஷிப்டு முடித்து வருகிற கேபிள் செக்‌ஷன் ஆட்கள் யாரிடமும் ஒன்றும் விசாரிக்கவேண்டியதில்லை, சுவரைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள். அன்றிலிருந்து ஒன்பதும் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் வலது ஆணியிலேயே தொங்கின.

இன்றைக்கு இடது ஆணியில் ஒரு ஒன்பது இருந்தது.

 ஒன்பது திரும்பி வந்துவிட்டதா? வந்துவிட்டால் கஞ்சி குடிக்கலாம். கஞ்சி குடித்தால் உடம்பு தேறலாம். ஒரு நிமிஷத்துக்குள் அவள் மனசு அவரைத் தேற்றி, ஷூ மாட்டி, ஷிப்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டது. பார்வதி காலையில் அவசரமாகச் சோதித்து, அவசரமாக வளையங்களை மாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். சொல்ல மறந்திருப்பாளோ?

அவள் வலது ஆணியைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு ஒன்பது தொங்கியது.

இரண்டு ஒன்பதுகள். ஆறைக் காணவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மாடசாமி புது ஆட்களைத் திட்டுவதென்றால் இதற்குத்தான் திட்டுவார். ஆறைத் தலைகீழாக மாட்டினால் ஒன்பது, ஒன்பதைத் தலைகீழாக மாட்டினால் ஆறு. அடியில் ஒரு கோடு இழுக்காமல் விட்டால், கரி கொண்டுபோகிற பெல்ட் ஓடவேண்டிய இடத்தில் மணி அடிக்கும் என்பார். வேலையில் ஒருநாளும் கோடு போடாமல் விட்டதில்லை. மகள் படிக்கத்தானே என்று வீட்டு வளையத்துக்கு மட்டும் போடவில்லை.

அப்படியானால் இந்த இரண்டில் ஒன்று தலைகீழாய்ப் போன ஆறு. எது?

"என்ன சுப்பு, நாஞ் சொன்னது சரிதானே?" பொன்னம்மாள் ஸ்பூனைப் பாலில் விட்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க மதினி. நான் பாத்துச் சொல்றேன்."

"நீயா? ஒனக்கு என்ன தெரியும்?"

சுப்புலட்சுமிக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அவள் கட்டிலின் வலது பக்கம் போய் ஓரமாக உட்கார்ந்தாள். கருவிழியைக் காதுப் பக்கமாக வெளியே தள்ளுவது ஆறு. அதைத்தான் பார்வதி தீபாவளி முழுக்கக் கத்தினாள். ஆறு ஓடுகிறதென்றால், இடது ஆணியில் இருப்பது ஆறு. ஓடவில்லையென்றால், இடது ஆணியில் இருப்பது ஒன்பது, பால் ஊற்றலாம், அவர் பிழைத்தாலும் பிழைப்பார். கண் அசையக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அப்போது முழுசாக உறைக்கவில்லை.

"ஏங்க" என்றாள்.

ஒன்றுமில்லை. அவர் தோளைத் தொட்டு அசைத்தாள். "ஏங்க, இங்க பாருங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

இமை பாதி திறந்தது. விழி கூரையைப் பார்த்தபடி நின்றது. நேற்று மத்தியானத்திலிருந்து அவர் யாரையும் பார்க்கவில்லை. அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். கருவிழி மெதுவாக, கனமான எதையோ நகர்த்துவதைப் போல நின்று நின்று, அவள் பக்கம் வந்தது. கண்ணின் கடைசி ஓரம் வரை வந்தது. அங்கே நின்று அவளைப் பார்த்தது.

 அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போகும்போது வாசலில் திரும்பிப் பார்ப்பாரே, அவ்வளவு சாதாரணமான பார்வைதான். அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வருவதற்குள் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் வந்துவிட்டது. ஆறு ஓடுகிறது. ஒன்பது செத்துத்தான் கிடக்கிறது.

இமை மறுபடியும் மூடிக்கொண்டது.

"மதினி, அது ஆறு" என்றாள் சுப்புலட்சுமி. "தலைகீழா மாட்டியிருக்கா. ஒம்போது அந்தப் பக்கம்தான்."

"எப்படிச் சொல்லுத?"

"என்னையப் பாத்தாரு."

பொன்னம்மாள் தம்பியின் மூடிய கண்ணைப் பார்த்தாள். "ஒன்னையப் பாத்தானா?"

"பாத்தாரு மதினி."

"அப்ப, முழுங்க மாட்டானா?"

"மாட்டாரு."

பொன்னம்மாள் ஸ்பூனை டம்ளருக்குள் போட்டு, டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது வயசுப் பெண்பிள்ளை, இரண்டு நாளாகச் சாப்பிடாதவள், கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இப்படி வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைச் சுப்புலட்சுமியால் பார்க்க முடியவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். இடது ஆணியில் ஏழுக்குக் கீழே எட்டு இருந்தது.

"மதினி, காது கேக்கும்" என்றாள். "எட்டு இந்தப் பக்கம்தான் இருக்கு. எட்டுக்குத் தலைகீழெல்லாம் கெடையாது."

"அதனால?"

"ஊத்துறத விடுங்க. என்ன சொல்லணுமோ அதக் காதுல சொல்லுங்க. கேட்டுக்கிட்டுப் போகட்டும்."

பொன்னம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். இப்படி ஒரு வழக்கம் அவள் கேள்விப்பட்டதில்லை. சுப்புலட்சுமியும் கேள்விப்பட்டதில்லைதான். ஆனாலும் பொன்னம்மாள் எழுந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து, வாயைத் தம்பியின் காதோடு வைத்தாள். என்ன சொன்னாளோ தெரியாது. வெகுநேரம் சொன்னாள். நடுவில் ஒரு தடவை கோபமாகப் பேசினாள், ஒரு தடவை சிரித்தமாதிரிகூட இருந்தது. சுப்புலட்சுமி அடுக்களைக்குப் போய் அவளுக்குச் சோறு போட்டாள்.

பார்வதி திரும்பி வந்தபோது அத்தை தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். மிஷின் கிடைக்கவில்லை. "ஆஸ்பத்திரிய விட்டு வெளிய தரமாட்டாங்களாம்" என்றாள். ஜன்னலில் பால் டம்ளரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"ஊத்தலடி" என்றாள் சுப்புலட்சுமி அவசரமாக. "ஆற நீ தலைகீழா மாட்டிட்டுப் போயிட்ட. மதினி அத ஒம்போதுன்னு நெனச்சிட்டாங்க. நான்தான் கண்ணப் பாத்து, இது ஆறுன்னு சொன்னேன்."

பார்வதி சுவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"நீதான் கத்திக் கத்திப் படிச்சியே."

பார்வதி பேனாவை எடுத்து, இரண்டு வளையங்களுக்கும் அடியில் கோடு இழுத்தாள். அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்தி இழுத்தாள். கோடு இல்லாத ஒரு ஆறு அப்பாவை என்ன செய்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சுப்புலட்சுமிக்குப் புரிந்தது. வேறு பேச்சுக்கு மாற்ற நினைத்து, "காது கேக்கும்லா அவருக்கு?" என்றாள்.

"கேக்கும்மா."

கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது அந்தப் பதில். சுப்புலட்சுமி காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

இரண்டு மணிக்கு முதல் ஷிப்டு முடிந்து கருணாகரன் வந்தான். குறிஞ்சிப்பாடிக்காரன், ஏழு வருஷமாக மாடசாமியோடு ஒரே கேபிள் குழியில் இறங்கி ஏறுகிறவன். வழக்கம்போல முதலில் சுவரைப் படித்தான். பிறகு, "காதுல சொல்லணும்னா சொல்லுங்க தம்பி" என்று பொன்னம்மாள் அவனுக்கு இடம்விட்டாள். இப்போது அது அவளுடைய வழக்கமாகவே ஆகிவிட்டது.

கருணாகரனுக்கு மெதுவாகப் பேசவராது. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேசிப் பேசி வந்த பழக்கம். "அண்ணாச்சி!" என்று அவன் கத்தியதில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கதவு திறந்தது. "நாலாம் நம்பர் பெல்ட்டு கேபிளு ஜாயிண்ட் போட்டாச்சு அண்ணாச்சி! டெஸ்ட் பண்ணிட்டோம், நல்லா நிக்குது! நீங்க அதையே நெனச்சிக்கினு கெடக்காதீங்க!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன், "கேட்டிருக்கும்ல அண்ணி?" என்றான்.

"முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றாள் சுப்புலட்சுமி. கருணாகரன் சிரிக்கப்போய் அழுதுவிட்டான். அழுகையை மறைக்க வாசலுக்குப் போய்த் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நீ சொன்னியா?" என்று பொன்னம்மாள் சுப்புலட்சுமியைக் கேட்டாள்.

சுப்புலட்சுமி குனிந்தாள். அவர் காதில் காய்ச்சல் சூடு இருந்தது. சொல்ல எவ்வளவோ இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தாள். கல்யாணமான இரண்டாம் மாதம் தகரப்பெட்டியோடு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சொல்லலாம். ஆனால் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க" என்றாள்.

இதைச் சொன்னால் அவர் 'ம்' என்பார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும், பாதித் தூக்கத்திலும், கோபத்திலும்கூட அந்த 'ம்' வரும். அதற்குப் பிறகுதான் அவள் விஷயத்தையே ஆரம்பிப்பாள். இப்போதும் காத்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை, வராது என்று தெரிந்தும் காத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

பொன்னம்மாள் அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, பார்வதியைப் பார்த்தாள். "நீயும் ஒரு வார்த்த சொல்லு தாயி."

"நான் அப்புறம் சொல்லிக்கிறேன் அத்தை."

"அப்புறம் எப்பம்?"

"சொல்றேன்."

பார்வதி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினாள். நோட்டில் எழுதினாள். கால் மணிக்கு ஒருதரம் எழுதினாள். பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தினாள். காலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள். ஒரு தடவை குனிந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் போனாள். ஆனால் அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்துகொண்டாள். மகள் எதற்காகப் பேசாமலிருக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்தது. விடைகொடுக்க வருகிறவர்கள்தான் காதில் பேசுகிறார்கள். அவள் இன்னும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. கருணாகரன் திரையை இழுத்துவிட்டான். மூச்சுக்கு மூச்சு யோசனை நீண்டுகொண்டே போயிற்று. பார்வதி எண்ணிக்கொண்டே இருந்தாள். நாலு இருபதுக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். பார்வதி கடிகாரத்தைப் பார்த்தாள், டார்ச்சை எடுத்து இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டில் எதையோ எழுதப்போய் நிறுத்தினாள். டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தாள். அந்தச் சின்னச் சத்தத்தில்தான் சுப்புலட்சுமிக்குத் தெரிந்தது.

பார்வதி அழவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். சுப்புலட்சுமியும் பொன்னம்மாளும் அழுததைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். கருணாகரன் செக்‌ஷனுக்குச் சொல்லச் சைக்கிளில் போனான். யாரோ தாடையைக் கட்டத் துணி கிழித்துக்கொண்டு வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் பொன்னம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. பாலைச் சூடாக்கி, ஆற்றி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்தபடி வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தவள் தம்பியைப் பார்க்கவில்லை, கால்மாட்டில் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"இப்ப ஊத்தலாம்லா தாயி?"

கேலியோ கோபமோ இல்லை, உண்மையாகவே அனுமதி கேட்டாள். பார்வதி தலையை அசைத்தாள்.

பொன்னம்மாள் குனிந்து, உதட்டைப் பிரித்து, முதல் ஸ்பூனை விட்டாள். பால் நாக்கின்மேல் தேங்கி நின்றது. இரண்டாவது ஸ்பூனும் இறங்கவில்லை, தொண்டைக்குழி வரை நிறைந்து வெள்ளையாகத் தளும்பியது.

சுப்புலட்சுமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்வதி கால்மாட்டிலிருந்து ஓடிவந்தாள். ஒரு கையை அப்பாவின் பிடரிக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் கன்னத்தைப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பினாள். பால் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

"மெதுவா அத்தை" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க."